ஸ்புரூஸ் கூம்புக்குள் வாழும் அந்துப்பூச்சிகளைச் சேகரித்து, வளர்த்து, பதிவுசெய்ய ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் அந்துப்பூச்சிகளைப் பதிவுசெய்யத் தொடங்கும் பெரும்பாலோர் தோட்டத்தில் விளக்குப் பொறி வைப்பதோடு நின்றுவிடுகிறார்கள். விளக்குக்கு எளிதில் வராத பூச்சிகளும் உண்டு. ஊசியிலை மரங்களின் கூம்புகளுக்குள் புழுப்பருவத்தைக் கழிக்கும் சிற்றினங்கள் அவற்றுள் முக்கியமானவை. அவற்றைக் காணச் சிறந்த வழி, கூம்புகளைக் கொண்டுவந்து வைத்துப் பூச்சி வெளிவரும்வரை காத்திருப்பதுதான். ஆனால் எந்த மாதத்தில் எந்தக் கூம்பை எடுப்பது, யாரிடம் அனுமதி பெறுவது, எடுத்ததை எங்கே வைப்பது என்ற விவரங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. கையேடுகளில் ஒரு வரியும், அனுபவமுள்ளவர்களின் வாய்ச்சொல்லில் ஒரு வரியுமாகச் சிதறிக் கிடந்தவற்றை நான் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் இல்லாதிருக்க இதை எழுதுகிறேன். நார்வே ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தையும் அதன் கூம்பில் வாழும் இரண்டு அந்துப்பூச்சிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தொடங்குபவர்களுக்கு இவையே போதும்.

1. எந்தப் பூச்சி வேண்டும் என்று முதலில் முடிவுசெய்யுங்கள்

முதல் இனம் சிடியா ஸ்ட்ரோபிலெல்லா. மிகச் சிறியது, சிறகுகளை முழுதாக விரித்தாலும் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. மே, ஜூன் மாதங்களில் பகல் வெயிலில் மர உச்சியைச் சுற்றிப் பறந்து, அப்போதுதான் உருவாகும் இளங்கூம்புகளின் செதில்களுக்கு இடையே முட்டையிடுகிறது. பொரித்த புழு விதைகளைத் தின்று வளர்ந்து, இலையுதிர்காலத்தில் கூம்பின் நடுத்தண்டுக்குள் துளைத்துச் சென்று, குளிர்காலம் முழுவதையும் அங்கேயே கழிக்கிறது. கூட்டுப்புழுவாவதும் அந்தக் கூம்புக்குள்ளேதான்.

இரண்டாவது இனம் டயோரிக்ட்ரியா அபியெட்டெல்லா. இது ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் சிறகுவிரிவு கொண்ட சாம்பல்நிறப் பூச்சி. இதன் புழு கோடையில் பச்சைக் கூம்பின் செதில்களையும் விதைகளையும் தின்று, கழிவைப் பட்டிழையால் பிணைத்துக் கூம்பின் வெளிப்புறத்தில் தள்ளிவைக்கிறது. இலையுதிர்காலம் வந்ததும் கூம்பைவிட்டு இறங்கி, மரத்தடிச் சருகுக்குள் பட்டுக்கூடு கட்டிக் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொண்டால் வேலையில் பாதி முடிந்துவிடும். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ தரையில் விழுந்த கூம்புகளை எடுத்தால் சிடியா கிடைக்கும், டயோரிக்ட்ரியா கிடைக்காது. ஆகஸ்டிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ பச்சைக் கூம்பை எடுத்தால் டயோரிக்ட்ரியா கிடைக்கும். புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். குளிர்காலத்தில் காட்டுக்குப் போய், துளையும் கழிவும் வெளியே தெரிகிற கூம்புகளாகத் தேர்ந்தெடுத்து, “இதில் நிச்சயம் புழு இருக்கிறது” என்று பை நிறையக் கொண்டுவருவார்கள். அந்தப் புழுக்கள் பல மாதங்களுக்கு முன்பே இறங்கிப் போயிருக்கும். சிடியா இருக்கும் கூம்போ வெளியிலிருந்து பார்க்கப் பழுதற்றதாகவே தோன்றும்.

2. மரத்தைச் சரியாக அடையாளம் காணுங்கள்

நார்வே ஸ்புரூஸின் கூம்பு நீளமானது. பத்து முதல் பதினெட்டு சென்டிமீட்டர் வரை இருக்கும். கிளையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும். உதிரும்போது முழுக் கூம்பாகவே விழும். சிட்கா ஸ்புரூஸின் கூம்பு இதில் பாதியளவே இருக்கும், அதன் செதில்கள் காகிதம்போல் மெலிந்து, ஓரம் நெளிந்திருக்கும். டக்ளஸ் ஃபர் கூம்பில் ஒவ்வொரு செதிலுக்கு அடியிலிருந்தும் மூன்று முனையுள்ள நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். உண்மையான ஃபர் மரங்களின் கூம்புகள் கிளையின்மேல் நிமிர்ந்து நின்று, மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். அவற்றைத் தரையில் முழுதாகக் காண்பது அரிது.

பெரிய காடு என்பதற்காக வட இங்கிலாந்தின் கீல்டர் காட்டுக்கு ஓடாதீர்கள். அங்கே பெரும்பகுதி சிட்கா ஸ்புரூஸ். கிழக்கு இங்கிலாந்தின் தெட்ஃபோர்டு முதன்மையாகப் பைன் காடு. பழைய பண்ணைகளின் காற்றுத் தடுப்பு வரிசைகள், பெரிய மாளிகைத் தோட்டங்கள், வெட்டப்படாமல் விடப்பட்டு உயர்ந்துபோன கிறிஸ்துமஸ் மரத் தோப்புகள் ஆகியவற்றில்தான் முதிர்ந்த நார்வே ஸ்புரூஸ் எளிதில் கிடைக்கிறது. இளமரங்களில் தேடிப் பயனில்லை, இருபது முப்பது வயதுக்குப் பிறகுதான் இம்மரம் ஒழுங்காகக் கூம்பு பிடிக்கும். எல்லா ஆண்டும் ஒரேபோலக் காய்ப்பதும் இல்லை. ஓர் ஆண்டு உச்சி முழுவதும் கூம்பாகத் தொங்கும். அடுத்த ஆண்டு ஒன்றிரண்டே இருக்கும். ஆகவே கூம்பு எடுக்கப் போவதற்கு முந்தைய கோடையிலேயே தொலைநோக்கியால் மர உச்சிகளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. அனுமதியை எழுத்தில் பெறுங்கள்

தரையில் கிடக்கும் கூம்புக்கு அனுமதி எதற்கு என்ற கேள்வி எழும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம், தானாக முளைத்து வளரும் செடிகளின் பூ, கனி, இலை ஆகியவற்றை விற்பனை நோக்கமின்றிப் பறிப்பதைத் திருட்டாகக் கருதுவதில்லை. ஆனால் நீங்கள் தேடிப் போகும் ஸ்புரூஸ் மரம் ஏறத்தாழ எப்போதும் மனிதர் நட்டது. எனவே அந்த விலக்கை நம்பிப் போவது சரியன்று. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் நிலத்தில் நடமாடும் உரிமையை விரிவாகத் தருகிறது. நடக்கும் உரிமை வேறு, பொருளை எடுத்துச் செல்லும் உரிமை வேறு.

தனியார் நிலமானால் உரிமையாளருக்கு ஒரு பக்க மின்னஞ்சல் போதும். அதில் இவை இருக்கட்டும்: எந்தத் தோப்பு என்பதைக் காட்டும் வரைபடம், எந்த வாரங்களுக்குள் வருவீர்கள், ஏறக்குறைய எத்தனை கூம்புகள், தரையில் விழுந்தவை மட்டுமே எடுக்கப்படும், மரத்தில் ஏறமாட்டீர்கள், கிடைக்கும் முடிவுகளை அவருக்கும் அனுப்புவீர்கள். இந்தக் கடைசி உறுதிமொழி பல கதவுகளைத் திறக்கிறது. தம் நிலத்தில் என்ன வாழ்கிறது என்றறியும் ஆவல் உரிமையாளர்களுக்கு உண்டு. பதில் கிடைத்ததும் அதை அச்சிட்டோ கைப்பேசியில் சேமித்தோ காட்டுக்குப் போகும்போது கையில் வைத்திருங்கள்.

அரசுக் காடானால் இங்கிலாந்தில் ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து, ஸ்காட்லாந்தில் ஃபாரஸ்ட்ரி அண்ட் லாண்ட் ஸ்காட்லாந்து, வேல்ஸில் நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ் ஆகியவற்றின் வட்டார அலுவலகத்தை அணுக வேண்டும். அங்கே விண்ணப்பப் படிவத்தோடு ஆபத்து மதிப்பீட்டுக் குறிப்பும் காப்பீட்டுச் சான்றும் கேட்கப்படலாம். ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். பிப்ரவரியில் கூம்பு எடுக்க விரும்பினால் டிசம்பர் பிறந்ததும் எழுதிவிட வேண்டும். காப்பீடு இல்லாதவர்கள் உள்ளூர் இயற்கை ஆர்வலர் சங்கம் ஒன்றில் சேர்ந்து அதன் கள நடவடிக்கையாகப் போக முடியுமா என்று கேட்பது நல்லது.

அந்த இடம் எஸ்எஸ்எஸ்ஐ எனப்படும் சிறப்பு அறிவியல் முக்கியத்துவப் பகுதியா என்பதையும் பாருங்கள். மேஜிக் என்னும் அரசு வரைபடத் தளத்தில் இதைக் கட்டணமின்றி அறியலாம். அப்படிப்பட்ட பகுதியானால், கூடுதல் இசைவு தேவையா என்பதை நில உரிமையாளர் வழியாகவே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

தென்கிழக்கு இங்கிலாந்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்புரூஸ் மரங்களைக் கொல்லும் இப்ஸ் டைபோகிராஃபஸ் என்னும் பட்டை வண்டு 2018இல் கென்ட்டில் கண்டறியப்பட்டதிலிருந்து, அங்கே எல்லை வகுக்கப்பட்டு ஸ்புரூஸ் மரக்கட்டையையும் பட்டையையும் இடம் மாற்றுவதற்குக் கட்டுப்பாடு உள்ளது. எல்லைகள் அவ்வப்போது மாறுகின்றன. புறப்படும் முன் நடப்பு விதியைப் பாருங்கள். எந்தப் பகுதியானாலும் கிளைத்துண்டோ பட்டையோ ஒட்டியிருக்கும் கூம்பை எடுக்காதீர்கள். காலணியில் ஒட்டிய மண்ணையும் ஊசியிலைகளையும் காட்டிலேயே தட்டிவிட்டுக் கிளம்புங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாவிலிருந்து கூம்புகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

4. செலவும் சாமான்களும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை 10 முதல் 15 பவுண்டுக்குள் கிடைக்கும். மடக்கு வலைக்கூண்டு ஏறக்குறைய அதே விலை. ஆனால் முதலாண்டில் அதற்குத் தேவையில்லை. பழைய வாளியும், அதன் வாயைக் கட்ட நெருக்கமான நெட் துணியும், இறுக்க எலாஸ்டிக் பட்டையும் போதும். அணில்களும் எலிகளும் வரும் இடமானால் வாளியைச் சுற்றக் கொஞ்சம் கம்பிவலை வாங்குங்கள். மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் குப்பிகள், பென்சில், கெட்டித்தாள் சீட்டுகள், கூம்பைப் பிளக்கத் தோட்டக் கத்தரி என்று எல்லாம் சேர்த்தாலும் 30 பவுண்டைத் தாண்ட வேண்டியதில்லை. விலை உயர்ந்த நுண்ணோக்கியை இப்போது வாங்காதீர்கள். காட்டின் வாகன நிறுத்தக் கட்டணமும் எரிபொருளும்தான் உண்மையில் கூடுதல் செலவு.

5. தரையிலிருந்து கூம்பெடுத்தல்: பிப்ரவரி, மார்ச்

ஸ்புரூஸ் விதைகள் குளிர்கால இறுதியின் உலர்ந்த நாள்களில் உதிர்கின்றன. கூம்புகளும் அதையொட்டி விழுகின்றன. ஒரு புயற்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் போவது மிக நல்லது.

தரையில் பல ஆண்டுக் கூம்புகள் கலந்து கிடக்கும். உங்களுக்கு வேண்டியவை சென்ற கோடையில் வளர்ந்தவை. அவை வெளிர்பழுப்பாகவும் உறுதியாகவும் இருக்கும். முகர்ந்தால் பிசின் மணம் வீசும். செதில்களை விலக்கினால் ஓரிரு விதைகளாவது தென்படும். பழையவை சாம்பல் படிந்து, ஓரம் சிதைந்து, பாசி பிடித்திருக்கும். அணில் கடித்த கூம்பில் நடுத்தண்டும் நுனியில் சில செதில்களும் மட்டுமே மிஞ்சியிருக்கும். கிராஸ்பில் பறவை கையாண்டதில் செதில்கள் நீளவாக்கில் கிழிந்திருக்கும். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

முப்பது முதல் ஐம்பது கூம்புகள் போதுமானவை. ஒரே மரத்தடியில் அள்ளாமல் பல மரங்களிலிருந்து எடுத்து, துணிப்பையிலோ காகிதப்பையிலோ போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வீடு வந்துசேர்வதற்குள் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு பைக்குள்ளும் தேதி, இடம், கிரிட் ரெஃபரன்ஸ் (வரைபடக் கட்டத்தில் இடத்தைக் காட்டும் குறியீடு), மர இனம், எடுத்தவர் பெயர் எழுதிய சீட்டு ஒன்றைப் பென்சிலால் எழுதிப் போடுங்கள். மை ஈரத்தில் கரைந்துவிடும். ஆறு இலக்கக் குறியீடு நூறு மீட்டர் சதுரத்தையும், எட்டு இலக்கக் குறியீடு பத்து மீட்டர் சதுரத்தையும் குறிக்கும். எட்டு இலக்கமாகவே எழுதிப் பழகுங்கள்.

6. சிலவற்றைப் பிளந்து பாருங்கள்

கொண்டுவந்தவற்றில் நான்கைந்தை மட்டும் தோட்டக் கத்தரியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நலமான கூம்பின் நடுத்தண்டு அடியிலிருந்து நுனிவரை ஒரே நிறமாக, நார் நாராகத் தெரியும். சிடியா இருந்தால் அந்தத் தண்டின் மையத்தில் பழுப்பான சிறு சுரங்கம் ஓடும். அதற்குள் சோற்றுப் பருக்கை அளவில் வெளிறிய புழு ஒன்று, பழுப்புத் தலையோடு அசையாமல் கிடக்கும். உள்ளங்கையின் சூட்டில் ஒரு நிமிடம் வைத்திருந்தால் மெல்லத் தலையைத் திருப்பும். தண்டைச் சுற்றியுள்ள விதைகள் குடைந்தெடுக்கப்பட்டு, அந்த இடத்தில் நுண்ணிய கழிவு அடைந்திருக்கும்.

கூம்பில் வேறு குடியிருப்பாளர்களும் உண்டு. செதில்களின் அடியில் சின்னஞ்சிறு ஆரஞ்சுநிறப் புழுக்கள் இருந்தால் அவை கால்டென்பாக்கியோலா என்னும், கொசு போன்ற சிறு ஈயின் இளம்பருவம். நடுத்தண்டைச் சுற்றித் திருகுபோல் சுரங்கம் ஓடி, புழு இல்லாதிருந்தால் அது ஸ்ட்ரோபிலோமியா ஈயின் வேலை. அதன் புழு கோடையிலேயே தரைக்கு இறங்கிவிட்டிருக்கும். வளைந்த உடலும் ஆறு கால்களும் கொண்ட வெண்புழு எர்னோபியஸ் வண்டினுடையதாக இருக்கலாம். பிளந்த எந்தக் கூம்பிலும் எதுவுமே இல்லையென்றாலும் மீதியைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு மரத்தின் கூம்புகளில் மிகுதியாகவும் பக்கத்து மரத்தில் ஒன்றுகூட இல்லாமலும் இருப்பது வழக்கம்.

7. கூம்புகளை வெளியிலேயே வையுங்கள்

வீட்டுக்குள் வைப்பதைவிடப் பெரிய தவறு இதில் வேறு இல்லை. சூடேற்றிய அறையில் கூம்பு விரைவில் காய்ந்து, புழுவும் அதனோடு காய்ந்துவிடுகிறது. பிழைத்தவையும் காலம் தவறி வெளிவருவதால், பூச்சி பறக்கும் பருவத்தைப் பற்றி உங்கள் பதிவு பொய் சொல்லும்.

வாளியின் அடியில் நீர் வடியத் துளையிட்டு, இரண்டு விரற்கடை அளவு மணல் பரப்பி, அதன்மேல் கூம்புகளைத் தளர்வாக அடுக்குங்கள். வாயை நெட் துணியால் கட்டி, வடக்குப் பார்த்த சுவரோரமாக, சாரல் படலாம் ஆனால் நேர்மழை கொட்டாது என்ற இடத்தில் வையுங்கள். கூம்புச் செதில்கள் காற்றில் ஈரம் ஏறினால் மூடிக்கொள்ளும், உலர்ந்தால் விரியும். உங்கள் வாளியில் இரண்டும் மாறிமாறி நிகழ்ந்தால் நிலைமை சரியாக இருக்கிறது என்று பொருள். வாரக்கணக்கில் விரிந்தே கிடந்தால் சிறிது நீர் தெளியுங்கள். மூடியே கிடந்து பூஞ்சை வாடை வந்தால் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முடியும்வரை தினமும் காலையில் பாருங்கள். இரண்டு செதில்களுக்கு நடுவே தேன்நிறத்தில் மெல்லிய கூட்டுப்புழுத் தோல் ஒன்று பாதி நீட்டியபடி நிற்பதே பூச்சி வந்துவிட்டதற்கு முதல் அடையாளம். பூச்சியைத் துணியின் உட்புறத்தில் தேடுங்கள். வெயில் ஏறிய பின் மூடியைத் திறந்தால் கண்ணெதிரே பறந்துபோய்விடும். குப்பியில் பிடித்து, சிறிது நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் படமெடுக்கும்வரை அமைதியாக இருக்கும்.

8. பச்சைக் கூம்புகள்: ஆகஸ்டு, செப்டம்பர் தொடக்கம்

டயோரிக்ட்ரியாவுக்கு மரத்தில் ஏறத் தேவையில்லை, ஏறவும் கூடாது. கோடைக் காற்றில் சாய்ந்த மரம், அண்மையில் வெட்டிக் கிடத்திய மரம், அணில் கடித்துப் போட்ட பச்சைக் கூம்பு, வெட்டவெளியில் நின்று தாழ்வான கிளைகளிலும் காய்த்த மரம் என்று இவற்றையே நாடுங்கள். மரம் வெட்டும் பணி நடக்கும் இடத்துக்குள் மட்டும் அனுமதியின்றி நுழையாதீர்கள். பணி முடிந்த நாளை உரிமையாளரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பட்டிழையில் கோத்த செம்பழுப்புக் கழிவு வெளியே திரண்டிருக்கும் கூம்பை எடுங்கள். புழு பச்சை கலந்த பழுப்பாகவோ செம்மையாகவோ இருக்கும். தொட்டால் வெடுக்கெனப் பின்வாங்கும். இதே கழிவோடு யூபித்தீசியா அபியெட்டாரியா என்னும் இன்னொரு இனமும் கிடைக்கக்கூடும். அதற்கு உடலின் கடைசியில் மட்டும் இரண்டு இணை வயிற்றுக்கால்கள் இருப்பதால், முதுகை வளைத்து வளைத்து அளந்து நடக்கும். டயோரிக்ட்ரியாவுக்கு ஐந்து இணை உண்டு. இரண்டும் தரைக்கு இறங்கிக் கூட்டுப்புழுவாகும் இனங்களே. ஆதலால் பாத்திரத்தின் அடியில் எட்டு சென்டிமீட்டர் அளவு ஈர மணலும் பாசியும் கலந்து இடுங்கள். பச்சைக் கூம்பு விரைவில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பா ஆகாது. அக்டோபரில் புழுக்கள் இறங்கியபின் கூம்புகளை எடுத்துவிட்டு, பாத்திரத்தை வெளியில், முற்றிலும் உலராமல் வைத்திருந்தால் அடுத்த கோடையில் பூச்சி வரும்.

9. அடையாளம் காணுதல்

சிடியா ஸ்ட்ரோபிலெல்லாவின் முன்சிறகு கரும்பழுப்பு. அதன் குறுக்கே ஈயம்போல் மின்னும் கோடுகள் ஓடும். ஸ்புரூஸ் கூம்பிலிருந்து உங்கள் கண்முன் வெளிவந்ததே இதற்கு வலுவான சான்று. ஆகவே கூம்பு, கூட்டுத்தோல், பூச்சி மூன்றையும் படமெடுங்கள்.

டயோரிக்ட்ரியாவில் கவனம் தேவை. பிரிட்டனில் இவ்வினத்தின் நெருங்கிய உறவுகள் சிம்ப்ளிசெல்லா, சில்வெஸ்ட்ரெல்லா, ஷூட்ஸீயெல்லா ஆகியவை. தேய்ந்த சிறகை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிப்பது இயலாது. இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் ஆராய வேண்டியிருக்கும். சில பவுண்டு கட்டணத்தில் இதைச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள்; உங்கள் பகுதியின் அந்துப்பூச்சிப் பதிவுகளைச் சரிபார்த்துத் தொகுக்கும் பதிவாளரைக் கேட்டால் வழிகாட்டுவார். அதற்கு ஒரு பூச்சியைப் பாடம்செய்ய வேண்டும் என்பதால், ஒன்றுக்கு மேல் எடுக்காமல் மற்றவற்றைக் கூம்பெடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பூச்சிக்குப் பதிலாக மெலிந்த குளவிகள் வெளிவந்தால் மனம் தளர வேண்டாம். அவை புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிகள். எந்தக் கூம்பிலிருந்து எந்தக் குளவி வந்தது என்ற தகவல் அரிதாகவே கிடைப்பதால் அவற்றின் மதிப்பு அதிகம். சிறு குப்பியில் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலில் இட்டு, சீட்டோடு பாதுகாத்து வையுங்கள்.

10. பதிவு அனுப்புதல்

என்ன, எங்கே, எப்போது, யார் என்ற நான்கும் இல்லாத பதிவு ஏற்கப்படாது. பதிவை ஐரெக்கார்ட் என்னும் உயிரினப் பதிவு இணையதளத்தில் இடலாம், அல்லது உங்கள் பகுதியின் அந்துப்பூச்சிப் பதிவாளருக்கு நேராக அனுப்பலாம்; இரண்டுக்கும் கட்டணமில்லை. தேதியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கூம்பை எடுத்த நாளையும் இடத்தையும் புழுப்பருவப் பதிவாக எழுதுங்கள். பூச்சி வெளிவந்த நாளைக் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். வெளிவந்த நாளைப் பூச்சி பறந்த நாளாகவும், உங்கள் வீட்டு முகவரியை இடமாகவும் எழுதினால், ஸ்புரூஸ் மரமே இல்லாத தெருவில் அந்த இனம் வாழ்வதாக வரைபடத்தில் புள்ளி விழுந்துவிடும். மர இனத்தையும், எத்தனை கூம்பிலிருந்து எத்தனை பூச்சி வந்தது என்பதையும் சேர்த்தெழுதினால் பதிவின் பயன் கூடும். நில உரிமையாளருக்கு அளித்த வாக்குப்படி அவருக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

11. இரண்டாம் வசந்தம்வரை காத்திருங்கள்

ஜூன் முடிந்ததும் வாளியைக் கொட்டிவிடத் தோன்றும். கொட்டாதீர்கள். சிடியா புழுக்களில் ஒரு பகுதி முதல் வசந்தத்தில் எழாமல், நடுத்தண்டுக்குள் உறக்கத்தை நீட்டி, இரண்டாம் ஆண்டிலோ அதற்குப் பிறகோதான் வெளிவருகின்றன. நிறையக் காய்த்த ஆண்டுக்கு மறுவருடம் ஸ்புரூஸில் கூம்பே இல்லாமல் போவதால், அந்த வறண்ட ஆண்டைத் தாண்டி இனம் பிழைக்க இது உதவுகிறது. அதே வாளியை அதே சுவரோரமாக அடுத்த குளிர்காலமும் வைத்திருங்கள். கோடையில் மட்டும் வெயில் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாண்டுச் சீட்டை எடுக்காமல், இரண்டாம் ஆண்டு வெளிவருபவற்றுக்குத் தனிச் சீட்டு எழுதிச் சேருங்கள். மறு ஜூன் கழிந்தபின் மீந்த கூம்புகளை எடுத்த தோப்பின் மரத்தடியிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிடலாம். வேறு காட்டில் போடாதீர்கள்.